ஆச்சிமுத்து தேடிப் போன மலை

புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஆச்சிமுத்துவைத் தெரிந்தவர்கள் அவளுடைய வாயைப் பற்றி ஒன்றும் கையைப் பற்றி ஒன்றும் சொல்வார்கள். வாய் பொல்லாதது, கை ஓயாதது. கணவர் மயில்வாகனம் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தீவுப் பகுதியில் அது புதினமில்லை. ஆண்கள் தெற்கே போய்க் கடை நடத்துவார்கள். பெண்கள் ஊரில் இருந்து வீட்டையும் வளவையும் பார்த்துக்கொள்வார்கள். ஆச்சிமுத்துவும் வரகு விதைத்தாள், ஆடு வளர்த்தாள், நல்ல தண்ணீருக்கு ஊர்க் கிணறு வரை குடத்தோடு நடந்தாள், வருடந்தோறும் வேலிக்கு ஓலை மாற்றினாள், மகள் பவளத்தைப் பெற்று வளர்த்தாள். கணவர் தைப்பொங்கலுக்கு ஒருமுறை வருவார். ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு ஒருமுறை வருவார். சீத்தைத் துணியும் தேயிலையும் கொண்டுவருவார். அதிகம் பேசமாட்டார். முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருப்பார். உழைத்துக் களைத்து வந்த மனிதன், இருக்கட்டும் என்று ஆச்சிமுத்து விட்டுவிடுவாள்.

1935ஆம் ஆண்டு ஆனியில் அவர் வரவில்லை. தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது, ஆளைக் காணோம். கடையில் வேலை கூடிப்போச்சு என்று யாரோ ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். திருவிழாவுக்கு வராத கடைக்காரன் என்று அயலில் அவரை மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஆச்சிமுத்து வாயை மூடிக்கொண்டு பொறுத்திருந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது.

ஆவணியில் நடராசா ஊருக்கு வந்தான். மயில்வாகனத்தின் கடையில் வேலை செய்பவன். தன்னுடைய கலியாணத்துக்காக வந்திருந்தான். ஆச்சிமுத்து அவனைக் கூப்பிட்டு இருத்தி, ஒடியல் கூழ் வார்த்துக் கொடுத்து, பிறகுதான் கேட்டாள்.

“அவருக்குச் சுகமோ?”

“சுகம்தான் அக்கா.”

“சுகமான மனிசன் ஏன் திருவிழாவுக்கு வரேல்லை?”

நடராசா கூழை ஊதினான். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

“நான் சொன்னதெண்டு சொல்லக்கூடாது அக்கா. செவ்வாய்க்கிழமை எண்டால் அண்ணை கடையிலை நிக்கிறேல்லை. விடியவே குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேலை தோட்டப் பக்கம் போனாரெண்டால் பொழுதுபடத்தான் வாறது. ஆரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டார். எங்கை போறியள் எண்டு கேட்டால் சிரிக்கிறார். திரும்பி வரேக்கை முகத்தைப் பாக்க வேணும்…”

“என்ன முகத்திலை?”

“புது மாப்பிளை மாதிரி அக்கா.”

ஆச்சிமுத்து அழவில்லை. நடராசாவை வழியனுப்பிவிட்டு, ஆடுகளை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு இரண்டு வளவு தாண்டி இருந்த தமையன் விநாயகமூர்த்தியின் வீட்டுக்குப் போனாள். விநாயகமூர்த்தி ஊரில் சண்டை சச்சரவு வந்தால் விலக்குத் தீர்க்கப் போகிற மனிதர். யாரோடும் கோபித்துக்கொள்ள அவருக்கு ஏலாது.

“அண்ணை, நான் பதுளைக்குப் போறன். நீங்கள் வந்தால் உங்களோடை. வராட்டில் தனிய.”

“பொம்பிளையள் அங்கை போறேல்லை ஆச்சிமுத்து. ஊர் சிரிக்கும்.”

“இப்ப ஊர் எனக்காக அழுதுகொண்டோ இருக்கு?”

பவளத்தைத் தமையன் மனைவியான மச்சாளிடம் விட்டுவிட்டு இருவரும் வள்ளம் ஏறினார்கள். யாழ்ப்பாணம் வந்து ரயில் பிடித்துப் பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு வண்டிக்கு மாறினார்கள். வழி முழுவதும் ஆச்சிமுத்து மனதுக்குள் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரு முகமும் கொடுத்திருந்தாள்: வெள்ளை நிறம், அடர்ந்த கூந்தல், பல் தெரியச் சிரிப்பு. கூந்தலை எந்தக் கையால் பிடிப்பது என்பது வரை தீர்மானித்தாயிற்று. பொல்காவலை தாண்டி வண்டி மூச்சிரைத்து ஏறத் தொடங்கியபோது, தூரத்தில் கறுத்து நின்றதைப் பார்த்து, “மழை இறங்கப் போகுதண்ணை” என்றாள்.

“அது மழை இல்லை. மலை” என்றார் விநாயகமூர்த்தி.

அவள் அதுவரை மலையைக் கண்டதில்லை. அவள் ஊரில் ஒருவன் பனையில் ஏறினால், அதற்கு மேலே ஏற ஒன்றுமில்லை. அதிசயம்தான், ஆனால் அதிசயப்பட அவளுக்கு அப்போது நேரமில்லை. குளிர் எலும்பைப் பிடித்தது. தமையன் கொடுத்த சால்வையைப் போர்த்துக்கொண்டு, மீண்டும் அந்தக் கூந்தலிடம் போய்விட்டாள்.

அவர்கள் பதுளைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்படி அமைய வேண்டுமென்றுதான் அவள் புறப்பட்டதே. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் கடைக்குப் போனார்கள். கடையில் நின்ற தம்பு என்ற வயதான விற்பனையாளர், முதலாளியின் மனைவியைப் படியில் கண்டதும் கையிலிருந்த பருப்பைச் சிந்திவிட்டார்.

“எங்கை அவர்?”

“இப்ப… இப்ப வந்திடுவார் பிள்ளை. இருங்கோ, தேத்தண்ணி…”

“எந்தப் பக்கம் போனவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

தம்பு கையைக் காட்டினார். தேயிலைச் சரிவின் ஊடாகப் பாதை வளைந்து ஏறியது. விநாயகமூர்த்தி பின்தங்கினார், ஆச்சிமுத்து நிற்கவேயில்லை. நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் கடைக்காரரைக் கண்டாயா என்று கேட்டாள்.

“கடை ஐயாவா? அந்தா, மேலே பாறைகிட்ட இருப்பாரு. செவ்வாக்கெழம தவறாம வந்துருவாரே” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஆச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

சவுக்கு மரங்களைத் தாண்டியதும் அகலமான ஒரு பாறை. அதன்மேல் சாக்கை விரித்து மயில்வாகனம் உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. வெள்ளை வேட்டி. பக்கத்தில் யாரும் இல்லை. ஆச்சிமுத்து பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மரங்களுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு அவருக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“எங்கை அவள்?”

மயில்வாகனம் பேயைக் கண்டவர் போல விழித்தார். மடியில் ஒரு பலகை. பலகையில் தடித்த தாள். தாளில் பாதி காய்ந்த நீலம். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் சின்னச் சின்னக் கட்டிகளாக நிறங்கள். சிரட்டையில் தண்ணீர்.

“நீர்… நீர் எப்பிடி வந்தனீர்? பவளத்துக்கு என்ன?”

“பவளம் சுகம். அவள் எங்கை எண்டு கேட்டனான்.”

“எவள்?”

அதற்குள் விநாயகமூர்த்தியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்துவிட்டார். அவர்தான் முதலில் தாளைப் பார்த்தார்; பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார். பள்ளத்தாக்குக்கு அப்பால் நமுனுகுல மலை தன் சிகரங்களை எல்லாம் வரிசையாகக் காட்டிக்கொண்டு நின்றது.

“மச்சான், நீர் இஞ்சை இருந்து இதையோ கீறுறீர்?”

மயில்வாகனம் தலையைக் குனிந்துகொண்டார். “ஓம்” என்றார்.

நடந்தது இவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைத் தோட்டத்துரை சீமைக்குக் கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள். மயில்வாகனம் ஒரு பெட்டி பீங்கானும் விளக்கும் வாங்கினார். அதற்கடியில் இந்த நிறப்பெட்டி கிடந்தது. முதலில் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பார்த்தார். பிறகு ஒருநாள், கடைவாசலில் நின்றால் தெரிகிற மலையைக் கீறிப் பார்த்தார். சரியாக வரவில்லை. இன்னொருமுறை கீறினார். அதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வருவார்கள், மூச்சு விட நேரமில்லை; செவ்வாய் மந்தமான நாள். அன்றைக்கு மேலே ஏறத் தொடங்கினார். குளித்து, தோய்த்த வேட்டி கட்டிப் போனது ஏனென்று அவருக்கே சொல்லத் தெரியாது. கோயிலுக்குப் போவது போலத்தான் இருந்தது என்றார்.

விநாயகமூர்த்தி சிரித்துவிட்டார். வந்த பாரமெல்லாம் இறங்கிய சிரிப்பு. ஆச்சிமுத்து சிரிக்கவில்லை.

“பொம்பிளை எண்டால் மயிரைப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டு வந்திருப்பன்” என்றாள். “இதை நான் என்ன செய்ய? சொல்லுங்கோ. ஆனிக்கு ஏன் வரேல்லை?”

“ஆனி ஆடியிலை இஞ்சை மழை இல்லை. மலை முகில் இல்லாமல் நிக்கும். அப்பத்தான்…”

“பெத்த பிள்ளை தேருக்கு முன்னாலை நிண்டு அப்பா எங்கை எண்டு கேட்டவள். அவள் தவண்டதையும் நீங்கள் காணேல்லை, நடந்ததையும் காணேல்லை. இந்தக் கல்லைக் கிழமைக்குக் கிழமை பாத்திருக்கிறியள்.”

 மயில்வாகனம் தூரிகையைச் சிரட்டைக்குள் போட்டுவிட்டு, “பிழைதான்” என்றார். “ஊரிலை நிண்டாலும் இதுதான் கண்ணுக்கை நிக்குது. விசர் எண்டு சொல்லுவியள் எண்டுதான் சொல்லேல்லை.”

அன்று மாலை கடையின் உள்ளறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே தாள் தாளாக ஒரே மலை. ஆச்சிமுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கோபத்தோடுதான் புரட்டினாள். ஆனால் அவளுக்குக் கண் கூர்மை. பாதிப் பெட்டி முடிந்தபோது, ஒன்றுபோல் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒன்றில் மலை விடியலில் சாம்பலாக இருந்தது. ஒன்றில் கத்தரிப்பூ நிறம். ஒன்றில் பாதியை முகில் தின்றிருந்தது. கையும் திருந்திக்கொண்டே வந்திருந்தது.

“எல்லாத்திலையும் மலை அந்தரத்திலை நிக்குது” என்றாள் கடைசியில். “இவ்வளவு பெரிய சாமான் நிலத்திலை குந்தியிருக்க வேணுமெல்லே?”

மயில்வாகனம் தாளை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “அதுதான்” என்றார். “அதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.”

தமையன் திரும்பிப் புறப்பட்டபோது ஆச்சிமுத்து கூடப் போகவில்லை. பவளத்தைக் கொண்டுவந்து விடச் சொன்னாள். ஆடுகளை மச்சாள் பார்த்துக்கொள்ளட்டும். “உங்களுக்கு மலையை விட்டு வர ஏலாது, பிள்ளைக்கு அப்பா வேணும். அப்ப நாங்கள்தான் இஞ்சை வரவேணும்” என்று கணவரிடம் சொன்னாள். ஊர் இரண்டு மாதம் அதையே கதைத்தது. புருசனைக் காவல் காக்கப் போய் இருந்துவிட்டாள் என்றார்கள். பதுளையில் இருந்தவளுக்கு அது கேட்கவுமில்லை.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து இருந்தார்கள். ஆச்சிமுத்து குசினிச் சமையலோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குள்ளும் வந்து நின்றாள். தோட்டத்துப் பெண்கள் ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படும் சாமான்களை அவளிடம் கேட்டு வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை சமையலை முடித்துக்கொண்டு அவளும் சிலவேளை பாறைக்குப் போவாள். அவர் கீறுவார், அவள் அரிசியில் கல் பொறுக்குவாள். மலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் போகவில்லை. ஆனால் ஒருநாள் முகில் மெல்ல விலகி, முதலில் அடிவாரம், பிறகு இடுப்பு, பிறகு சிகரம் என்று மலை வெளியே வந்தபோது, சுளகு மடியில் இருக்க அவள் கை நின்றுவிட்டது.  

அப்படி ஐந்தாறு வருடம் போனது. மூன்றாவது வருடமே மயில்வாகனத்துக்கு மாரிகாலத்தில் மூச்சு முட்டு வரத் தொடங்கிவிட்டது. முதலில் இருமல் என்றார்கள், பிறகு இளைப்பு, பிறகு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து இருந்தபடி மூச்சுக்குத் தவித்தார். கசாயம் கொடுத்தாள், நெஞ்சுக்கு எண்ணெய் தடவினாள். 1940 மார்கழியில் வருத்தம் மிகக் கடுமையாகி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்குத்தர் அவளைத் தனியே கூப்பிட்டு, இந்தக் குளிரும் ஈரமும் இவருக்கு ஆகாது, ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ, காய்ந்த காற்றில் இருந்தால் நெடுநாள் இருப்பார், இங்கே வைத்திருந்தால் நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அவள் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மயில்வாகனம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனி வரைக்கும் நிப்பம். மலை தெளிஞ்ச பிறகு போவம்.”

“ஆனி வரைக்கும் நீங்கள் நிக்க மாட்டியள்.”

 கடையைத் தம்புவுக்கும் நடராசாவுக்கும் கொடுப்பதென்று முடிவாயிற்று. மூட்டை முடிச்சுக் கட்டினார்கள். பொங்கலுக்கு முன் புறப்பட வேண்டும். புறப்படுவதற்கு முதல்நாள் காலை, அவர் எழுந்து குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். ஆச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. வெளியே தூறிக்கொண்டிருந்தது; மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. இந்த உடம்போடு ஏறக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மல்லிக்கோப்பி போட்டுப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, குடையை எடுத்தாள். பவளத்தைத் தம்புவிடம் விட்டார்கள்.

ஏறுவதற்கு நெடுநேரம் பிடித்தது. பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்று அவள் தோளைப் பிடித்து மூச்செடுத்தார். பாறையில் போய் இருந்தபோதும் எதிரே ஒன்றுமில்லை. காத்திருந்தார்கள். கோப்பி முடிந்தது. “வாங்கோ போவம்” என்று அவள் சொல்லப் போன நேரம், முகிலில் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள்ளே ஈரமாய்க் கறுத்து ஒரு தோள் தெரிந்தது. பிறகு சிகரங்களில் சில.

மயில்வாகனம் தூரிகையை நனைத்தார். தூறல் தாளில் விழுந்தது. ஆச்சிமுத்து குடையை விரித்தாள். ஒரு குடை, அவரையும் தாளையும் சேர்த்து மறைக்க அது காணாது. ஒரு கணம் யோசித்தாள். டாக்குத்தர் சொன்னதெல்லாம் நெஞ்சில் இருந்தது. ஆனாலும் குடையைத் தாளுக்கு மேலே பிடித்தாள், தன் சால்வையை அவர் முதுகில் போட்டாள், தான் நனைந்தாள்.

அவர் வழக்கம்போல நிதானமாகக் கீறவில்லை. நெஞ்சு விசிலடிக்க விசிலடிக்கக் கை ஓடியது. ஈரக்காற்றில் நிறம் காயாமல் பரவியது. மலையின் விளிம்பு கரைந்து முகிலோடு கலந்தது. முந்திய மயில்வாகனம் என்றால் துணியால் ஒற்றித் திருத்தியிருப்பார். இவர் அதை அதன்பாட்டில் விட்டார். அடியில் மட்டும் கறுப்பும் பச்சையும் குழைத்து அழுத்தி ஒரு பூச்சுப் பூசினார். கிழிசல் மூடிக்கொண்டது. அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

“முடிஞ்சுதோ?”

“அது மூடிட்டுது. எனக்கும் இவ்வளவு காணும்.”

அவள் குடைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். தாளில் மலை குந்தியிருந்தது. அதன் பாரம் அவளுக்கு நெஞ்சில் தெரிந்தது. அவளுடைய வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவர் கையைப் பிடித்து எழுப்பி, தாளைச் சீலைத்தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அன்று பொழுதுபட முட்டு வந்தது; விடியும் வரை அவரை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தாள். ஆனால் வண்டி ஏறும்போது அவரால் நடக்க முடிந்தது.

டாக்குத்தர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தீவுக் காற்றில் ஆறு மாதத்துக்குள் அவருக்கு மூச்சு நேராகிவிட்டது. துறைக்குப் போகிற வழியில் சின்னக் கடை ஒன்று போட்டார். யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் வந்த காலத்தில், இருந்ததைப் பகிர்ந்து விற்று நல்ல பெயரும் எடுத்தார். மழைநாள் மலைப் படத்துக்குக் கண்ணாடி போட்டு வீட்டு விறாந்தையில் மாட்டினாள் ஆச்சிமுத்து. பார்க்க வந்தவர்கள் புகையா முகிலா என்று கேட்டார்கள். சின்னாச்சி என்கிற பக்கத்து வளவுக்காரி மட்டும், “உந்த மலைக்குக் கிட்ட நிண்டால் பயம் வராதே?” என்று கேட்டாள்.

“வரும்” என்றாள் ஆச்சிமுத்து. “பேந்து அது போய், பாக்காமல் இருக்க ஏலாமல் வரும்.”

மயில்வாகனம் நிறப்பெட்டியைத் தொடவில்லை. ஆச்சிமுத்து ஒன்றிரண்டு தரம் துடைத்து அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பார்த்தாள். அலுமாரிக்குள் திரும்ப வைத்துவிட்டார். இங்கே என்ன இருக்கிறது கீற என்று ஒருநாள் கேட்டார். சொல்லிவிட்டுத் தானே வருத்தப்பட்டார்.

பெட்டி 1943 பங்குனியில் தானாக வெளியே வந்தது. பவளம் பெரியபிள்ளையாகிச் சடங்கு முடிந்த மறுகிழமை, அவர் பெட்டியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனார். ஆச்சிமுத்து உச்சிவெயிலில் சோற்றைக் கட்டிக்கொண்டு தேடிப் போனாள். தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். எதிரே கடல், கடலுக்கு அப்பால் நயினாதீவு ஒரு கோடு, கோட்டுக்கு மேலே வானம். தாளில் இரண்டு நீலப் பட்டை இருந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டு அவர் கன்னத்தில் கை வைத்திருந்தார்.

“இது சரிவராது” என்றார். “எங்கை துவங்கிறது எண்டே தெரியேல்லை. பிடிக்க ஒண்டுமில்லை. எல்லாம் படுத்துக் கிடக்கு.”

ஆச்சிமுத்து சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தாள். தாளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். சும்மா ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது.

“ஓம், சரிவரேல்லைத்தான்” என்றாள். “மலையைப் பழக உங்களுக்கு எத்தினை வருசம் பிடிச்சது? இது நேற்றுத்தானே துவங்கினது. சாப்பிடுங்கோ.”

அவர் சிரித்தார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் தாளில் பட்டுக் கண் கூசியது. அவள் இரண்டு பனையோலைகளைப் பொறுக்கி வந்து, கம்பு நட்டு, அவருக்கு நிழல் கட்டத் தொடங்கினாள்.